யாளியை ஏன் நாயகனாக்கினேன்

என் படக்கதையின் முதல் பாகம் வெளிவந்ததிலிருந்து பலரும் கேட்பது ஒன்றுதான்: முருகன், அனுமன், ராஜராஜன் என்று இத்தனை பேர் இருக்க, யாளியை ஏன் நாயகனாக்கினீர்கள்? கோயில் சிற்பங்களில் நிற்கும் சிங்க உடல் கொண்ட கற்பனை விலங்கான யாளிக்கு உருவம் இருக்கிறது, கதை இல்லை என்பதே என் பதில்.

கடவுளை நாயகனாக வைத்தால் முதல் பக்கத்திலேயே வெற்றி உறுதியாகிவிடுகிறது. முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதையில் ஓர் இழையை மாற்றினாலும் யாராவது மனம் புண்படுவார்கள். மன்னர்களைத் தொட்டாலோ, ஒவ்வொருவருக்கும் இன்று உரிமை கோரி ஒரு கூட்டம் நிற்கிறது. இக்கால நாயகன் ஒருவனை நானே படைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி முதற்கொண்டு நமக்குப் பழகிய காமிக்ஸ் முகங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் பிறந்து சிவகாசி வழியாக நம்மிடம் வந்தவை. அவற்றைப் பார்த்தே வரையப் பழகிய என் கை, யாரை வரையச் சொன்னாலும் சதுரத் தாடையும் நீண்ட கோட்டும் கொண்ட ஒரு வெள்ளைக்காரரைத்தான் வரைந்து முடிக்கிறது.

யாளியோ நம் கண்முன்னே நிற்கிறது. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் பல்லவர் குடைந்த பாறைக்குப் புலிக்குகை என்று பெயர் வழங்கினாலும், அதன் வாயிலைச் சூழ்ந்திருப்பவை யாளித் தலைகளே. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் வரிசையாக ஓடுகிறது. மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் தூணுக்குத் தூண் பின்னங்காலில் எழும்பி நிற்கிறது. அதன் காலடியில் அமர்ந்து பிரசாதம் சாப்பிட்டிருக்கிறோம், சாய்ந்து நின்று படம் எடுத்திருக்கிறோம், ஆனால் அதைப் பற்றி ஒரு கதை சொல்லச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் விழிப்போம். படக்கதை ஆசிரியனுக்கு இதைவிட வசதியான நாயகன் கிடைப்பது அரிது.

கதைக்கான முதல் வித்து சங்க இலக்கியத்திலிருந்து வந்தது. அங்கே ஆளி என்னும் பெயரில் யானையையே வேட்டையாடும் விலங்காக அது வருகிறது. பொருநராற்றுப்படை கரிகாலனை உவமிக்கும் இடத்தில், தாயின் முலைப்பாலை இன்னும் மறக்காத ஆளிக்குட்டி ஒன்று தன் முதல் வேட்டையிலேயே ஒரு களிற்றைக் கொல்கிறது. அந்தக் குட்டிதான் என் நாயகன். பால் மறவாத வயதில் இவ்வளவு பெரிய உயிரைக் கொன்ற பிறகு அது எப்படித் தூங்கியிருக்கும் என்று புலவர் யோசிக்கவில்லை. அவருக்கு அரசனின் வீரம் போதுமானதாக இருந்தது. எனக்கு அந்த இரவு தேவைப்பட்டது.

பாடலில் யானையைக் கொல்லும் விலங்கு, கோயில் தூண்களில் பல இடங்களில் துதிக்கையும் தந்தமுமாக யானையின் முகத்தையே சுமந்து நிற்கிறது. சிற்ப மரபில் இதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம், அதற்குள் நான் போகவில்லை. முதல் வேட்டை முடிந்த மறுநாள் குட்டியின் முகத்தில் துதிக்கை அரும்பத் தொடங்குகிறது என்று கதையில் வைத்துக்கொண்டேன். அதன்பின் சிங்கங்கள் அதை ஏற்பதில்லை, யானைகள் அதைக் கண்டு மிரளுகின்றன. மற்றவை எல்லாம் இதிலிருந்து தாமாகவே வளர்ந்தன.

வரைவதுதான் பாடாய்ப் படுத்தியது. பக்கவாட்டில் கம்பீரமாகத் தெரியும் யாளியை நேர்முகமாக வரைந்தால், துதிக்கை வாயை மறைத்துவிடுகிறது. வாய் மறைந்தால் சிரிப்பா சீற்றமா என்று வாசகருக்கு விளங்காது. ஆகவே உணர்ச்சி முழுவதையும் பிதுங்கிய கண்களுக்கும் துதிக்கையின் வளைவுக்கும் மாற்றினேன்: அஞ்சும்போது அது உள்ளே சுருளும், ஆர்வம் வந்தால் நுனி மட்டும் உயரும். வண்ணம் வேண்டாம் என்று முடிவு செய்ததும் இதனால்தான். குறுக்குக் கோடுகளால் நிழலிட்டபோது உடல் கருங்கல்லின் கனத்தைப் பெற்றது, வண்ணம் தீட்டிய மாதிரிப் பக்கத்திலோ பொம்மை போல் இருந்தது.

நாயகன் பேசுவதில்லை என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அதற்கும் சிற்பிகளே பொறுப்பு. சில கோயில்களில் யாளியின் வாய்க்குள் ஒரு கல்பந்து உண்டு. விரலால் தள்ளினால் உருளும், வெளியே எடுக்க முடியாது. அந்தப் பந்தைத் தனியாகச் செய்து உள்ளே வைக்கவில்லை. பற்களின் இடைவெளி வழியே உளியை விட்டு, அதே கல்லிலிருந்து செதுக்கிப் பிரித்திருக்கிறார்கள். வாயில் அப்படியொரு பந்து கிடக்கும் விலங்கால் பேச முடியாது என்று எனக்குத் தோன்றியது. அதனால் மற்ற விலங்குகளுக்கு வசன பலூன் உண்டு, யாளிக்குக் கிடையாது. அது தலையைத் திருப்பும் கட்டங்களில் 'கடகட' என்ற ஒலி எழுத்து மட்டும் வரும். பந்து அதன் வாய்க்குள் எப்படி வந்தது என்பதை இரண்டாம் பாகத்தில் சொல்கிறேன். அதற்கான பென்சில் பக்கங்கள் பாதிக்கு மேல் முடிந்துவிட்டன.