அம்மாவின் கடைக்கு அட்டை வாங்கின கதை

அம்மா பஸ் ஸ்டாண்டு வாசலில் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறார். அதற்கு நகராட்சி தரும் விற்பனைச் சான்றிதழ் அட்டை வேண்டும். சாலையோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் பெயர் ஏறியது, போட்டோ, ஆதார் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. சிக்கல் நகராட்சிக் கவுன்ட்டரில்தான் தொடங்கியது.

"சங்க லெட்டர் எங்கே?" என்றார் எழுத்தர். அம்மா ஒரு சின்னச் சங்கத்தில் பல வருட உறுப்பினர். அந்தக் கடிதத்தை நீட்டினால், "இது செல்லாதுங்க, அந்தச் சங்கத்து சீல் வேணும்" என்று இன்னொரு பெரிய சங்கத்தின் பெயரைச் சொன்னார். அதன் தலைவர் உள்ளே நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வெளியே நின்றோம்.

அவரிடம் போனால் சந்தா 600 ரூபாய், அது போக "கட்டட நிதி" 2,000. அம்மா கட்டிவிடலாம் என்றார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

2014 சாலையோர வியாபாரிகள் சட்டத்தை எடுத்துப் படித்தேன். கணக்கெடுப்பில் அடையாளம் காணப்பட்டவருக்கு 14 வயது நிறைந்திருந்தால் விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். தானோ குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்வோம், வேறு பிழைப்பு இல்லை, அட்டையைக் கைமாற்ற மாட்டோம் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். எந்தச் சங்கத்தில் சேர வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. சான்றிதழ் தரும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள் இருக்க வேண்டும், அதுவும் வியாபாரிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். அம்மாவிடம் யாராவது ஓட்டுக் கேட்டார்களா என்றால், "டீ குடிக்கிறாரே, அவரு அந்தக் குழுவுலதான் இருக்காராம். எப்போ ஓட்டுப் போட்டாங்களோ" என்றார்.

இதையெல்லாம் எழுத்தரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஆபீசர்கிட்ட பேசிக்கோங்க." ஆபீசர் மீட்டிங்கில். மறுநாளும் மீட்டிங். அம்மாவுக்கு இரண்டு நாள் காலை வியாபாரம் போனதுதான் மிச்சம்.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனுப் போட்டேன். இங்கே ஒரு விஷயம்: "ஏன் சங்கக் கடிதம் கேட்கிறீர்கள்?" என்று எழுதாதீர்கள். காரணம் சொல்வது எங்கள் வேலையில்லை என்று கைகழுவிவிடுவார்கள். "சங்கக் கடிதம் கட்டாயம் என்ற ஆணையின் நகல் தரவும்" என்று கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்தேன்.

30 நாள் கெடுவில் 29ஆம் நாள் பதில் வந்தது: அப்படி ஓர் ஆணை இவ்வலுவலகக் கோப்பில் இல்லை. அந்தத் தாளை கவுன்ட்டரில் வைத்தேன். எழுத்தர் இரண்டு தடவை படித்துவிட்டு, "அட, முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்!

போன வாரம் அட்டை வந்தது. தொழில் என்ற இடத்தில் "பழ வியாபாரம்" என்று அச்சாகியிருக்கிறது. திங்கட்கிழமை திருத்த மனுவோடு போகிறேன். அம்மா வரமாட்டாராம்.