ஊருக்கே நுழைவுச் சீட்டு: சிவித்தா தி பான்யோரேஜோ

ரோம் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், லாட்சியோ மாநிலத்தில் இருக்கிறது சிவித்தா தி பான்யோரேஜோ. அந்த ஊருக்குள் காலெடுத்து வைக்கச் சீட்டு வாங்க வேண்டும். தெரு, சந்து, சதுக்கம், தேவாலயம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஊருக்கே ஒரு சீட்டு. 2013-இல் ஒன்றரை யூரோவாகத் தொடங்கிய அந்தக் கட்டணம் நாங்கள் போனபோது 5 யூரோவாக உயர்ந்திருந்தது. ஓர் ஊரைப் பார்ப்பதற்குக்கூடக் காசா என்று உடன் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அந்த ஊர் எதன் மேல் நிற்கிறது என்று பார்த்துவிட்டால் அந்தக் கேள்வி எழாது என்பது என் எண்ணம்.

ரோமிலிருந்து ரயிலில் ஒர்வியேத்தோ வரை சென்று, அங்கிருந்து பேருந்தில் பான்யோரேஜோ என்னும் சிற்றூரில் இறங்கினோம். அதன் கடைத்தெருவைக் கடந்து கோடிக்குச் சென்றால் தரை முடிந்து பள்ளத்தாக்கு தொடங்குகிறது. எதிரே, சுற்றிலும் வெறுமை சூழ, செங்குத்தான பாறையொன்றின் உச்சியில் பழுப்பு நிற வீடுகளும் ஒரு மணிக்கூண்டும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே போக ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள ஒரு நடைபாலம் மட்டுமே வழி. 1920-களில் கட்டப்பட்ட பழைய பாலத்தை இரண்டாம் உலகப் போரில் பின்வாங்கிய ஜெர்மானியப் படையினர் 1944-இல் தகர்த்துவிட்டதால், இப்போதுள்ள கான்கிரீட் பாலம் 1965-இல் போடப்பட்டது. முதல் பாதி சுலபம்தான். ஊரை நெருங்க நெருங்கப் பாலம் செங்குத்தாக ஏறுவதால், முழங்கால் வலியுள்ளவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று வருவதைப் பார்த்தோம்.

பாலத்தின் நடுவில் நின்று பார்க்கும்போது ஊரின் சிக்கல் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. மேலே இருப்பது துஃபா என்னும் பாறை. இன்று பொல்சேனா ஏரி இருக்கும் பகுதியில் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் இயங்கிய எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து இறுகி உருவானது அது. அதற்கு அடியில் இருப்பதோ அதைவிடப் பழைய கடலடிக் களிமண். இருபுறமும் ஓடும் ரியோ க்யாரோ, ரியோ தோர்பிதோ என்னும் ஓடைகளும் மழைநீரும் அந்தக் களிமண்ணை அரித்துக்கொண்டே போக, பிடிமானம் இழந்த துஃபா விளிம்பு பாளம் பாளமாகப் பிளந்து, வீடுகளோடு சேர்ந்து கீழே விழுகிறது. அரிப்பில் எஞ்சிய சாம்பல் நிறக் களிமண் முகடுகள் பள்ளத்தாக்கு முழுவதும் கத்தி முனைகளைப் போல வரிசையாக நிற்கின்றன. இத்தாலியர்கள் இதைச் 'சாகும் ஊர்' என்று அழைப்பதில் மிகையேதும் இல்லை.

ரோமானியர்களுக்கு முன்பே நடு இத்தாலியில் செழித்திருந்த எத்ருஸ்கர்கள் என்னும் பண்டைய மக்கள் 2500 ஆண்டுகளுக்கு முன்பே குடியேறிய இடம் இது. இடைக்காலத்தில் கத்தோலிக்க ஆயரின் (பிஷப்பின்) இருக்கையாக விளங்கிய நகரமும் இதுவே. இன்று இதைவிடப் பெரிய ஊராக இருக்கும் பான்யோரேஜோ அன்று இதன் புறநகர்தான். 1695-இல் நேர்ந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆயரும் நகர நிர்வாகமும் அங்கே பெயர்ந்துவிட, வசதியுள்ள குடும்பங்களும் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தன. ஆள் போனது, பணமும் போனது. இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. நாம் இன்று வியக்கும் இடைக்காலத் தெருக்கள் அப்படித்தான் தப்பின. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த கட்டடக் கலைஞர் அஸ்த்ரா சாரினா, கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கே பாழடைந்த வீடுகளை வாங்கிச் செப்பனிட்டு, தம் மாணவர்களையும் அழைத்துவந்து தங்கவைத்துப் பாடம் நடத்தினார். இன்று ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்பவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான்.

பாறையைக் குடைந்து எத்ருஸ்கர்கள் போட்ட பாதையின் மேல் எழுப்பிய வாயில் வழியாக உள்ளே நுழைகிறோம். அதன் முகப்பில் கல்லில் செதுக்கிய இரு சிங்கங்கள் ஆளுக்கொரு மனிதத் தலையைப் பாதங்களுக்கிடையில் அமுக்கிப் பிடித்திருக்கின்றன. ஒர்வியேத்தோவின் ஆதிக்கக் குடும்பமான மொனல்தெஸ்கிகளை எதிர்த்து ஊரார் எழுந்ததன் நினைவு என்கிறார்கள். சற்று உள்ளே சென்றதும் மறுமலர்ச்சிக் கால மாளிகை ஒன்றின் முகப்புச் சுவர். அதன் சன்னல்களுக்குப் பின்னால் அறைகள் இல்லை, வானம்தான் தெரிகிறது. மாளிகையின் பெரும்பகுதி எப்போதோ சரிந்துவிட்டது. 1274-இல் மறைந்த பிரான்சிஸ்கன் துறவியும் இறையியலாளருமான புனித பொனவெந்தூராவின் பிறந்த வீடும் இவ்வாறே பள்ளத்தாக்கில் விழுந்துவிட்டதால், அது இருந்த இடத்தை மட்டும் காட்டுகிறார்கள்.

நடுச் சதுக்கத்துக்குக் கல் பாவவில்லை. ஜூனிலும் செப்டம்பரிலும் இங்கே கழுதைப் பந்தயம் நடக்கிறது. சதுக்கத்தையொட்டிய புனித தொனாத்தோ தேவாலயத்தை விரைவாகச் சுற்றிவந்துவிட்டோம், பசிதான் காரணம். துஃபாவைக் குடைந்த பழைய செக்கு அறையொன்று உணவகமாகியிருக்கிறது. முன்பு கழுதைகள் சுற்றிவந்த கல் உருளை இன்னும் அங்கே இருக்கிறது. கரியடுப்பில் தடித்த ரொட்டித் துண்டுகளைக் கருகல் கோடுகள் விழும்வரை சுட்டு, சூடு ஆறுவதற்குள் பச்சைப் பூண்டுப் பல்லைச் சொரசொரப்பான மேற்புறத்தில் தேய்த்து, ஒலிவ எண்ணெயை வழிய வழிய ஊற்றி உப்பு தூவித் தருகிறார்கள். பூண்டின் காரம் முதலில் மூக்கில் ஏறி, பிறகே எண்ணெயின் லேசான கசப்பு நாவில் தெரிகிறது. தக்காளி போட்டதும் உண்டு. எனக்கு வெறும் எண்ணெய் போட்டதுதான் பிடித்தது.

கட்டணம் வைத்தால் கூட்டம் குறையும் என்று எதிர்பார்த்தால், நடந்தது நேர்மாறு: சீட்டு போட்டதே செய்தியாகி, ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வரத் தொடங்கினார்கள். அந்த வருவாயைக் கொண்டு பான்யோரேஜோ தன் குடிமக்களுக்கு நகராட்சி வரிகளையே நீக்கியது. நண்பகலில் தோளோடு தோள் உரசும் நெரிசலில் இடைக்காலத்தைத் தேடுவது வீண் வேலை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும், உள்ளே இருக்கும் நிலச்சரிவு அருங்காட்சியகத்தில், நகரும் பாறையைக் கண்காணிப்பதற்கும் பிணைத்துக் கட்டுவதற்கும் நடக்கும் வேலைகளைப் பார்த்த பிறகு, 5 யூரோ அதிகம் என்று எங்களில் எவரும் பேசவில்லை.

போகிறவர்கள் சதுக்கத்தோடு திரும்பிவிட வேண்டாம். பிரதானத் தெருவின் மறுகோடியில் இறங்கும் பாதை, மலையை ஊடுருவிச் செல்லும் 'புகாயோனே' என்னும் பழைய சுரங்கவழிக்குக் கொண்டுபோகிறது. அங்கே கூட்டமே இல்லை. வழுக்காத காலணியும் கையில் தண்ணீரும் இருந்தால் போதும். ஒர்வியேத்தோவுக்குத் திரும்பும் பேருந்துகள் அடிக்கடி கிடையா. நேரத்தை இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.