பிரேயஸிலிருந்து வரும் உத்தரவு

தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கப்பலிலிருந்து நூன் ரிப்போர்ட் போகும். எவ்வளவு தூரம் ஓடினோம், எவ்வளவு எண்ணெய் எரிந்தது, டாங்கில் மிச்சம் எவ்வளவு என்ற கணக்கு. நாங்கள் பிரேசிலில் இருந்தாலும் சீனாவில் இருந்தாலும் அது போய்ச் சேரும் ஊர் ஒன்றுதான்: ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ். கப்பலின் பின்புறம் எழுதியிருந்த ஊர் அது பதிவான லைபீரியாவின் மன்ரோவியா. வேலை பார்த்தவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்களும் இந்தியர்களும். முதலாளி கிரேக்கர். கப்பல் மட்டும் அந்தத் துறைமுகத்தில் கயிறு கட்டியதே இல்லை.

உலகக் கப்பல்களின் சரக்குத் திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிரேக்க முதலாளிகள் கையில் இருக்கிறது. பிரேயஸின் அக்தி மியாவுலி சாலையில் உட்கார்ந்துகொண்டே பாதிக் கடலை ஓட்டுகிறார்கள் என்று எங்கள் சீஃப் இன்ஜினியர் சொல்வார். இப்போது பல அலுவலகங்கள் புறநகர்ப் பக்கம் போய்விட்டன, எங்களுடையது போகவில்லை.

கடைசியில் அந்த ஊரை நான் பார்த்தது ஒப்பந்தம் முடிந்து சைன் ஆஃப் ஆனபோது. ருமேனியாவின் கான்ஸ்டான்சாவில் மக்காச்சோளம் ஏற்றி எகிப்துக்குப் போகும் வழியில் ஆள் மாற்ற பிரேயஸுக்கு வெளியே நங்கூரம் போட்டோம். கருங்கடல், டார்டனெல்ஸ் நீரிணை, ஏஜியன் கடல். இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முன் ஏதென்ஸுக்குக் கோதுமை வந்த அதே பாதை. கி.மு. 405-இல் டார்டனெல்ஸில் ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ்காரர்கள் கப்பற்படையை இழந்தார்கள். பாதை அடைபட்டது. மறு வருடம் பட்டினி தாங்காமல் சரணடைந்தார்கள். அப்புறம் சட்டங்கள் கடுமையாகவே இருந்தன. ஏதென்ஸில் குடியிருப்பவன் வேறு ஊருக்குத் தானியம் கொண்டுபோகக் கூடாது. துறையில் வந்திறங்குவதில் மூன்றில் இரண்டு பங்கு நகருக்குப் போயாக வேண்டும். எங்கள் சோளத்தை ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. அது பாட்டுக்கு எகிப்துக்குப் போனது. நாங்கள்தான் பெட்டியோடு லாஞ்சில் இறங்கினோம்.

கரையில் சீனாவின் காஸ்கோ நிறுவனத்தின் கிரேன்கள். 2016-இல் துறைமுகக் கழகத்தின் 51 சதவீதப் பங்கை வாங்கினார்கள், 2021-இல் அது 67 ஆனது. இறங்கும் கன்டெய்னர்களில் பெரும்பாலானவை கிரீஸுக்குள் நுழைவதில்லை. பெரிய கப்பலிலிருந்து சின்னக் கப்பலுக்கு மாறி வேறு ஊருக்குப் போய்விடுகின்றன.

ஏஜென்ட் வண்டியை பிரேயஸின் பழைய துறையான ஸேயா வழியாக ஓட்டினார். இப்போது அங்கே முழுக்க உல்லாசப் படகுகள். அந்தக் காலத்தில் போர்க்கப்பல்களைக் கரையேற்றி நிறுத்த இந்த ஒரு துறையில் மட்டும் 196 கொட்டகைகள் இருந்தனவாம். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இன்றும் அவற்றின் கல்வரிசை இருக்கிறது. மரக்கப்பல் தண்ணீரிலேயே கிடந்தால் ஊறிக் கனக்கும், புழு அரிக்கும். வேலையில்லாத நாளெல்லாம் ஏற்றிக் காயவைத்தார்கள். ஐந்து வருடத்தில் இரண்டு முறை மட்டும் அடிப்பாகம் பார்க்கும் எங்களுக்கு இது கொஞ்சம் பொறாமையான விஷயம்.

அலுவலகத்தில், கரையிலிருந்தே எங்கள் கப்பலைக் கவனிக்கும் சூப்பரின்டெண்டென்ட் காபி கொடுத்துவிட்டு நேராக இரண்டாம் நம்பர் ஜெனரேட்டருக்கு வந்தார். எண்ணெய் பீய்ச்சும் இன்ஜெக்டர் நாசில் கேட்டு எத்தனை மெயில் அனுப்பினோம் என்று நானும் ஆரம்பித்தேன். சரி, அனுப்பியாயிற்று, எகிப்தில் ஏறிவிடும் என்றார். இங்கிருந்தே லாஞ்சில் கொடுத்திருக்கலாமே என்றேன். பிரேயஸில் ஏது, கொரியாவிலிருந்து விமானத்தில் வருகிறது என்றார்.