ஒசாகா: கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கலை

நவம்பர் 5

நம்பா பகுதியில் விடுதி. பையைப் போட்டுவிட்டு நேரே ஒரு உடோன் கடைக்குள் நுழைந்தேன். கிட்சுனே உடோன்: தடித்த கோதுமை நூடுல்ஸ், அதன்மேல் இனிப்புச் சாற்றில் ஊறிய பொரித்த டோஃபு, கிண்ணத்தில் பாதியை மூடிக்கொண்டு. இது ஒசாகாவிலேயே பிறந்த பண்டம். ஆனால் என்னைப் பிடித்து வைத்தது நூடுல்ஸ் அல்ல, அடியில் இருந்த சாறு. பார்க்க வெளிறிப்போன தண்ணீர். வாயில் வைத்தால் ருசி அடங்க நேரமாகிறது.

டாஷி என்னும் இந்தச் சாற்றுக்குக் கொம்பு என்ற கடற்பாசியும் கட்சுவோபுஷியும்தான் ஆதாரம். கட்சுவோபுஷி என்பது சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டையாகக் காயவைத்து, மெல்லிசாகச் சீவியது. தூத்துக்குடிக்காரர்களுக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் இதை விளக்கவே வேண்டாம், மாசிக் கருவாட்டுக்கு அண்ணன் முறை. மீனும் அதே மீன். சைவர்கள் கவனிக்க: டோஃபுதானே என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

கொம்பு ஒசாகா பக்கத்தில் விளைவதில்லை. வடக்கே ஹொக்கைடோவில் விளைந்ததை எடோ காலத்துக் (17-19ஆம் நூற்றாண்டு) கப்பல்கள் ஜப்பான் கடல் வழியாகச் சுற்றி இங்கே கொண்டுவந்தன. நாட்டின் அரிசியும் இங்கேதான் வந்து குவிந்தது. அதனால்தான் 'நாட்டின் சமையலறை' என்று பெயர். 1730இல் டோஜிமா அரிசிச் சந்தைக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. சரக்கு கைக்கு வருமுன்பே விலை பேசி விற்கும் முன்பேர வணிகம் அப்போதே இங்கே நடந்திருக்கிறது. கியோத்தோவுக்கு அரண்மனை, டோக்கியோவுக்கு ஷோகுன் என்ற ராணுவ ஆட்சியாளர். ஒசாகாவுக்கு வியாபாரிகள்.

நவம்பர் 6

நகநோஷிமா, இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு நீளத் தீவு. அங்குள்ள கீழைத்தேயப் பீங்கான் அருங்காட்சியகத்தில் அரை மணி நேரம் போதும் என்று நினைத்துப் போனேன். மத்தியானச் சாப்பாடு தவறிவிட்டது.

காரணம் ஒரு கிண்ணம். தெற்குச் சோங் காலத்துச் சீனாவில், ஃபூஜியான் பக்கத்துச் சூளையில் சுட்ட தேநீர்க் கிண்ணம். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. விளிம்பில் மெல்லிய தங்கப் பட்டை. கறுப்பு மெருகு முழுக்கப் பொட்டுப் பொட்டாக எண்ணெய் தெறித்தது மாதிரி புள்ளிகள். நேரே நின்றால் வெள்ளி நிறம். இரண்டடி நகர்ந்தால் சில புள்ளிகள் நீலம் காட்டின, குனிந்தால் பொன். மெருகில் உள்ள இரும்பு, சூளைச் சூட்டில் மேலே வந்து படிகமாவதால் உண்டாகும் புள்ளிகள் இவை. எது எங்கே விழும் என்பது குயவர் கையில் இல்லை. ஜப்பான் இதைத் தேசியப் பொக்கிஷமாக அறிவித்திருக்கிறது.

இது இங்கே வந்த கதை இன்னும் சுவாரசியம். அட்டாக்கா என்ற வர்த்தக நிறுவனம் சேர்த்த தொகுப்பு இது. நிறுவனம் நொடித்து, 1977இல் வேறொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. தொகுப்பு சிதறிவிடுமோ என்று எல்லாரும் கவலைப்பட்டபோது, சுமிதோமோ குழும நிறுவனங்கள் அதை மொத்தமாக நகரத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தன. அதற்காகவே 1982இல் இந்தக் கட்டடம் எழுந்தது. கடன்காரன் கையில் போகவேண்டிய சரக்கு கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

நவம்பர் 7

தேசிய புன்ராகு அரங்கம், நிப்பொன்பாஷி. பொம்மலாட்டம்தானே என்று முழு நாள் சீட்டு வாங்கத் தயங்குகிறவர்களுக்கு ஒரு காட்சிக்கு மட்டும் சீட்டு உண்டு. நான் அதைத்தான் வாங்கினேன். அப்புறம் அடுத்த காட்சிக்கும் வாங்கினேன்.

ஒரு பொம்மைக்கு மூன்று பேர். தலையும் வலக்கையும் தலைமைக் கலைஞரிடம், இடக்கை இன்னொருவரிடம், கால்கள் மூன்றாமவரிடம். மற்ற இருவரும் கறுப்புத் துணியில் முகம் மறைத்திருக்கிறார்கள். கால் பிடிப்பவர் எப்போதும் குனிந்தே நிற்கவேண்டும் என்பதால், தலைமைக் கலைஞர் உயரமான மரக்கட்டைச் செருப்பு போட்டுக்கொள்கிறார். பெண் பொம்மைகளுக்குப் பெரும்பாலும் காலே கிடையாது. கால்காரர் கிமோனோவின் கீழ்விளிம்புக்குள் விரல்களை நுழைத்து மடித்து மடித்து நடையை உண்டாக்குகிறார். அந்தப் பெண் உட்காரும்போது முழங்கால் மடிவதை நான் சத்தியமாகப் பார்த்தேன். இல்லாத முழங்கால்!

மேடையின் வலப்பக்கம் ஒரு சுழலும் தளம். கதை சொல்லும் தாயுவும் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம் வாசிப்பவரும் அதில் உட்கார்ந்தபடியே திரும்பி வருகிறார்கள். கிழவி, குழந்தை, வில்லன் எல்லாருக்கும் ஒரே தொண்டை. குரல் வயிற்றிலிருந்து வரவேண்டும் என்று தாயு மடிக்குள் கனமான பையொன்றைச் சொருகிக்கொள்வாராம். முகம் சிவந்து வியர்த்துக் கொட்டுகிறது. பொம்மையைப் பார்ப்பதா இவரைப் பார்ப்பதா என்று எனக்குத் திண்டாட்டம்.

இந்தக் கலைக்கு எழுதிய பெரிய ஆள் சிக்காமட்சு மொன்சாயெமொன். 1703இல் சொனெசாக்கி காட்டில் ஒரு காதல் ஜோடி செத்துப்போனது. ஒரு மாதத்துக்குள் அதை நாடகமாக்கி டோட்டன்போரியில் மேடையேற்றிவிட்டார். கதாநாயகன் யார் தெரியுமா? சோயா சாஸ் கடையில் வேலை பார்த்த பையன். ராஜாவும் இல்லை, சாமுராயும் இல்லை. பார்க்க வந்தவர்களும் அப்படிப்பட்ட கடைக்காரர்கள்தான்.

நவம்பர் 8

நாள் முழுக்க மழை. ஷின்செக்காய் பக்கம் பழைய காபிக் கடையொன்றில் மிக்ஸ் ஜூஸ்: வாழைப்பழம், டப்பாப் பழங்கள், பால், ஐஸ். நன்றாகத்தான் இருந்தது, ஊரார் கொண்டாடும் அளவுக்கு இல்லை.

சாயங்காலம் குஷிகட்சு. குச்சியில் குத்தி ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சி, தாமரைத் தண்டு, காடை முட்டை. பொதுச் சாஸ் தொட்டியில் ஒரு தடவைக்கு மேல் தோய்க்கக்கூடாது என்று சுவரெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். எச்சில் சமாச்சாரம், நமக்கா சொல்லவேண்டும்? கொரோனாவுக்குப் பிறகு பல கடைகளில் தொட்டி போய்ச் சாஸ் புட்டி வந்துவிட்டது. சுவரில் எச்சரிக்கை மட்டும் அப்படியே.

டகோயாகியும் சாப்பிட்டேன், உள்ளே ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுட்ட மாவு உருண்டை. அதைக் குழிப்பணியாரத்தோடு ஒப்பிடாத தமிழரே இல்லை, அதனால் நான் விட்டுவிடுகிறேன்.

நவம்பர் 9

மறுபடி நகநோஷிமா. 2022இல் திறந்த கலை அருங்காட்சியகம், கன்னங்கரேலென்று ஒரு பெட்டி. ஒரு காலத்தில் ஹிரோஷிமா சிற்றரசின் அரிசிக் கிடங்கு இருந்த இடம்.

இங்கே யோஷிஹாரா ஜிரோவின் வட்டங்களுக்கு முன்னால் நின்றேன். பெரிய திரையில் ஒரே ஒரு வட்டம். கிட்டப் போய்ப் பார்த்தால் ஓரம் நடுங்கியிருக்கிறது. ஒரே வீச்சில் போட்டது போலத் தெரிந்தாலும் திருத்தித் திருத்திச் செய்தது. இவர் பரம்பரைச் சமையல் எண்ணெய் வியாபாரி. 1954இல் குட்டாய் என்ற ஓவியர் குழுவைத் தொடங்கி, இளைஞர்களிடம் 'யாரும் செய்யாததைச் செய்' என்றார். அவர்களில் ஷிராகா கசுவோ கயிற்றில் தொங்கிக்கொண்டு காலாலேயே வண்ணம் தீட்டினார். 1962இல் இதே தீவில் தன் பழைய கிடங்குகளைக் குழுவுக்குக் காட்சிக்கூடமாக்கிக் கொடுத்தார் யோஷிஹாரா. எண்ணெய்க் காசு இல்லையென்றால் அந்தக் கால் ஓவியங்கள் எங்கே தொங்கியிருக்கும்?

ராத்திரி, மதுக்கடை ஓரத்திலேயே நின்று குடிக்கும் இடம். சூடான சாகே, வெள்ளை மிசோவில் வெந்த மாட்டுத் தசைநார். பக்கத்தில் நின்ற பெரியவர் என் கிண்ணத்தைக் காலியாக இருக்கவிடவில்லை.

நவம்பர் 10

எக்ஸ்போ பூங்கா. ஒக்கமோட்டோ தாரோ 1970 உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய சூரிய கோபுரம், 70 மீட்டர். புகைப்படத்தில் கோமாளித்தனம், கீழே நின்றால் கொஞ்சம் பயம். உள்ளே போக முன்பதிவு வேண்டும். பல்லாண்டு பூட்டிக் கிடந்ததை 2018இல்தான் திறந்தார்கள். உயிரின் மரம் என்று நடுவில் ஒரு மரம், கிளைகளில் அமீபா முதல் மனிதன் வரை. அந்த மரத்தில் எனக்குப் பிடித்தது கொரில்லா. மற்றவற்றைப் புதுப்பித்தவர்கள் அதைமட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள். தலைத்தோல் போய் உள்ளிருக்கும் இயந்திரம் தெரிகிறது.

அதே கண்காட்சியில்தான் சுழல்பட்டை சுஷி ஊரறிந்ததாம். முதல் கடை 1958இல் ஹிகாஷி ஒசாகாவில். பீர் ஆலையில் புட்டிகள் பட்டையில் ஓடுவதைப் பார்த்துக் கடைக்காரருக்கு உதித்த யோசனை.

நவம்பர் 11

டோகுயாசுஜி, பாத்திரக்கடைத் தெரு. உணவகங்களின் கண்ணாடி அலமாரியில் வைக்கும் மாதிரிச் சாப்பாடு இங்கே கிடைக்கும். 1932இல் ஒசாகாவில் மெழுகில் தொடங்கிய தொழில், இப்போது பிளாஸ்டிக். முட்டையின் வெள்ளைக்கரு ஓரம் கருகியிருப்பதைக்கூட விடவில்லை. பீர்க் குவளையில் நுரை வழியும் இடத்தில் ஒரு சொட்டு நின்றுவிட்டிருக்கிறது. ஒரு கிண்ணம் ராமென், நிஜ ராமெனைப்போலப் பல மடங்கு விலை. பேரம் பேசிப் பார்த்தேன். கடைக்கார அம்மா சிரித்தபடியே தலையாட்டிவிட்டார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்ட ஒரு இறால் டெம்புரா மட்டும் வாங்கிக்கொண்டேன்.