ரேடியேட்டரில் போர் தண்ணி

காலையில் சிக்னல் ஓரம் ஒரு பழைய மாருதி 800. பானட் திறந்து கிடக்க, ஆவி பறந்தது. பக்கத்தில் ஒருவர், கையில் தண்ணி பாட்டில்.

ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இல்லை. செங்காவி நிறத்தில் துருத்தண்ணி.

சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. அரை மணி நேரமாவது ஆறட்டும். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணியை ஊற்றினால் இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் கோணிக்கும், அதற்கு அடியில் இருக்கும் கேஸ்கட் (கசிவைத் தடுக்கும் தகடு) போகும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால் காபி நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணி கலந்திருக்கலாம், வண்டியை ஸ்டார்ட்டே பண்ணாதீங்க.

போர் தண்ணியின் உப்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள் படிந்து அடைக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி, அவ்வளவுதான்.

ஃபேன் சுற்றலையா? முதலில் ஃபியூஸ். அது நல்லா இருந்தா, கார்புரேட்டர் மாடலில் இக்னிஷனை ஆன் பண்ணி, தெர்மோ சுவிட்ச் (சூடேறினால் ஃபேனை ஓட வைக்கும் சுவிட்ச்) கனெக்டரைக் கழற்றி இரண்டு முனையையும் ஒரு வயர் துண்டால் இணைத்துப் பாருங்க. ஃபேன் ஓடினால் சுவிட்ச்தான் அவுட். கை மட்டும் பத்திரம், இறக்கை சட்டென்று சுற்றும்.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றிடலாம்ணே, சூடே ஆகாது" என்பார்கள் சில மெக்கானிக்குகள். ஒத்துக்காதீங்க. இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணி போகாமல் தடுக்கும் வால்வு அது. கழற்றினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். பழசு மக்கர் பண்ணினால் புதுசு போடச் சொல்லுங்க.