ஊதியபோது வந்த எண்ணும் இரத்தப் பரிசோதனைக்கான அலைச்சலும்

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகச் சொல்லி வாங்கி வைக்கப்பட்ட என் ஓட்டுநர் உரிமம் சென்ற வாரம்தான் கைக்கு வந்து சேர்ந்தது. மதுவைத் தொட்டே அறியாத ஒருவர் அதைச் சோதனைகளின் வழியாக நிறுவ வேண்டி வந்தால் என்னென்ன தடைகள் குறுக்கே நிற்கும் என்பதை, இன்னும் ஆறாத மனத்தாங்கலோடு எழுதுகிறேன்.

நெடுஞ்சாலையில் இரவு வாகனச் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஆர்.சி., காப்பீடு எல்லாம் சரியாக இருந்தன. சற்று முன்புதான் தேநீர்க் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, சைனஸ் தொல்லைக்காக எடுத்துவரும் ஹோமியோபதிச் சொட்டு மருந்தை நாக்கில் விட்டிருந்தேன். அது ஆல்கஹாலில் கரைத்துத் தரப்படும் மருந்து. கருவியில் ஊதியதும் 30-ஐத் தாண்டிய எண் தெரிந்தது. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்பதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு வகுத்திருக்கும் வரம்பு என்பதால், அதன்பின் நான் சொன்ன எதுவும் எவர் காதிலும் ஏறவில்லை.

வாயில் தங்கிய ஆல்கஹால் மூச்சுக்காற்றோடு கலந்துவிட்டால் கருவி ஏமாறக்கூடும். ஆனால் அது கால் மணி நேரத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். இரத்தத்தில் இருப்பது அவ்வளவு விரைவில் குறையாது. ஆகவே வாயைக் கொப்பளித்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து மீண்டும் ஊதுகிறேன் என்று கேட்டேன். "எல்லாரும் மருந்துன்னுதான் சார் சொல்றாங்க" என்ற பதிலே கிடைத்தது. மருந்துப் புட்டியைக் காட்டியும் பயனில்லை. ஊதச் சொல்வதற்கு முன் கருவி வெறுங்காற்றில் சுழியம் காட்டுகிறதா என்றும் யாரும் பார்க்கவில்லை. அந்தச் சரிபார்ப்பு இல்லாத முடிவை நம்ப முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025-இல் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டில் கேரளத்துப் பந்தளத்தில், பலாச்சுளை தின்ற அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் இதே சோதனையில் சிக்கிய செய்தியையும் பலர் படித்திருப்பீர்கள்.

கைது என்று சொல்லி நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று அங்கே எழுதிக் கொடுத்தேன். பதிவுபெற்ற மருத்துவரைக் கொண்டு இரத்த மாதிரி எடுக்கச் செய்யக் காவலருக்கு 204-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. கைதான இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையேல் விடுவிக்க வேண்டும் என்பது 202-ஆம் பிரிவு. விடுவிக்கப்படுவதைவிட, நேரத்தோடு இரத்தம் எடுக்கப்படுவதே எனக்குத் தேவையாக இருந்தது, ஏனெனில் தாமதமாக எடுத்தால் அதற்குள் போதை இறங்கியிருக்கும் என்று எளிதில் சொல்லிவிடுவார்கள்.

அரசு மருத்துவமனைக்குப் போனால், பரிசோதனை செய்யக் கேட்டு நிலையத்திலிருந்து மருத்துவருக்குத் தரும் கடிதமான மெமோவைக் காவலர் கொண்டுவரவில்லை. மெமோ இல்லாமல் பார்க்க முடியாது என்று பணி மருத்துவர் மறுத்துவிட்டார்; அவர் சொன்னது முறைதான். திரும்பிப் போய் வாங்கி வந்த மெமோவிலோ குடிபோதைச் சான்று மட்டுமே கேட்கப்பட்டிருந்தது. அப்படி இருந்தால் வாடை, பேச்சு, நடை, கண்மணி ஆகியவற்றைப் பார்த்துச் சான்று எழுதுவதோடு முடிந்துவிடும். இரத்த மாதிரி எடுக்க வேண்டும் என்று மெமோவில் தனியாக எழுதியிருக்கிறதா என்பதை நிலையத்தைவிட்டுக் கிளம்பும் முன்பே படித்துப் பாருங்கள். நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, அந்த வரியைச் சேர்த்து இன்னொருவர் எடுத்து வரும்வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊசி போட வந்த செவிலியர் பழக்கத்தில் ஸ்பிரிட் பஞ்சை எடுத்தார். இந்தச் சோதனைக்கு ஸ்பிரிட் கூடாது என்று பணிவாகச் சொன்னேன். மருத்துவரும் ஆமோதித்து, சோப்பு நீரால் துடைக்கச் செய்தார். அன்றிரவு என் சொல் எடுபட்ட முதல் இடம் அதுதான். குப்பியில் முத்திரை வைக்கப்பட்டதைப் பார்த்தேன்; எடுத்த நேரத்தையும் குறிக்கச் செய்தேன்.

ஆய்வகத்தின் அறிக்கையில் எத்தில் ஆல்கஹால் காணப்படவில்லை என்று வந்தது. வழக்கு கைவிடப்பட்டது. உரிமம் அதற்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் போயிருந்ததால், நிலையத்தின் கடிதம் வேண்டும் என்று அங்கிருந்த எழுத்தரும், அனுப்பியாயிற்று என்று நிலையத்தாரும் மாறி மாறிச் சொன்னார்கள். கடிதத்தின் எண்ணையும் தேதியையும் கேட்டு எழுதிப் போன பிறகுதான் அது கோப்பில் கண்டெடுக்கப்பட்டது.

குடித்துவிட்டு ஓட்டுபவர்களைப் பிடிப்பது உயிர் காக்கும் வேலை. சோதனையே கூடாது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். கால் மணி நேரம் கழித்து மறுமுறை ஊதவைப்பதைக் கட்டாய நடைமுறையாக்க வேண்டும் என்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, ஆய்வக அறிக்கையின் நகலை இணைத்து மனு அனுப்பியிருக்கிறேன்.