அஞ்சு துண்டு ஸ்வெட்டர் ஆன கதை

குன்னூர்ல இருக்கற அக்கா பையனுக்கு ஆரம்பிச்ச ஸ்வெட்டர் ஒரு வழியா முடிஞ்சிருச்சுங்க. பின்னுற வேலை எப்பவோ முடிஞ்சுது, முதுகு ஒண்ணு, முன்பக்கம் ரெண்டு, கை ரெண்டுன்னு அஞ்சு துண்டும் பைக்குள்ள சுருட்டி கெடந்துச்சு, மீதி வேலைய நெனச்சாலே எடுக்க மனசு வரல. நிட்டிங் பேட்டர்ன் எதை எடுத்தாலும் ஊசில மொத வரிசை கண்ணு, அதாவது நூல் வளையம், ஏத்தற காஸ்ட் ஆன்ல இருந்து கழுத்து வரைக்கும் வரி வரியா சொல்லிட்டு கடைசில துண்டுகளை தைச்சு முடிக்கணும்னு ஒரே வரில தாண்டிப் போயிடறாங்க. என்னக் கேட்டா, போட்டுக்கிட்டு நாலு பேரு முன்னாடி போற மாதிரி இருக்கா இல்லையாங்கறது அந்த ஒரு வரிலதான் இருக்கு.

அளவு சொல்லிடறேன். சுத்த கம்பளி நூல், டிகேங்கற நடுத்தர கனம், 4 மிமீ ஊசி. நனைச்சு காயவெச்ச சாம்பிள்ல 10 செமீக்கு அகலத்துல 22 கண்ணு, உயரத்துல 30 வரிசை. மார் சுத்தளவு 58 செமீ, ரெண்டு வயசுப் பையன் உள்ள ஒரு சட்டை போட்டிருந்தாலும் தாராளமா இருக்கும்.

தைக்கறதுக்கு முன்னாடி பிளாக்கிங், அதாவது துண்டை நனைச்சு அளவுக்கு விரிச்சு குத்தி காயவெக்கறது. ஒரு பக்கம் நிட் (நேர்க்கண்ணு) ஒரு பக்கம் பர்ல் (பொரட்டுக்கண்ணு)னு பின்னுன துண்டு ஓரத்துல சுருண்டுக்கிட்டேதான் இருக்கும், திருப்பூர்க்காரங்களுக்கு இதச் சொல்லவே வேணாம், பனியன் துணிய கத்தரிச்சுப் போட்டா ஓரம் சுருளுதுல்ல, அதே சிங்கிள் ஜெர்சிதான் இதுவும், மெஷின்ல ஓடுனாலும் கைல பின்னுனாலும் குணம் ஒண்ணுதான். பச்சத்தண்ணில துளி ஷாம்பு விட்டு ஒரு 20 நிமிஷம் அமுக்கி ஊறவெச்சேன். முறுக்கிப் பிழியவே கூடாது, ரெண்டு கைலயும் அள்ளி எடுத்து டவல்ல சுருட்டி மேல ஏறி நின்னா தண்ணி டவலுக்குப் போயிடும். அப்புறம் பசங்க விளையாடற ஏபிசிடி ஃபோம் மேட் இருக்குல்ல, அதுல விரிச்சு டேப் வெச்சு அளந்து துரு புடிக்காத குண்டூசியா குத்தினேன். வீடு பூரா நனைஞ்ச ஆட்டு வாசம். நம்மூரு வெயிலுக்கு வீட்டுக்குள்ள ஃபேன் காத்துலயே சீக்கிரம் காஞ்சிருச்சு. ஸ்வெட்டர் போட்டுப் பாக்க முடியாத ஊருல உக்காந்து ஸ்வெட்டர் பின்னுறதுல இந்த ஒரு லாபம் இருக்கு.

தையலுக்கு அதே நூலும் முனை மழுங்கின பெரிய ஊசியும் போதும். ரெண்டு துண்டையும் நல்ல பக்கம் மேல வர்ற மாதிரி பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஓரக்கண்ணுக்கும் அடுத்த கண்ணுக்கும் நடுவுல ஏணிப்படி மாதிரி குறுக்கு நூல் தெரியும், அதுல இந்தப்பக்கம் ரெண்டு அந்தப்பக்கம் ரெண்டுன்னு ஊசிய விட்டுக்கிட்டே போகணும், ஒரு இஞ்ச் ஆனதும் நூல நேரா மெதுவா இழுத்தா ரெண்டு ஓரமும் உள்ள மடிஞ்சு தையல் எங்கன்னே தெரியாம மூடிக்கும். இதுக்குப் பேரு மேட்ரஸ் ஸ்டிட்ச். அந்த இழுக்கற நேரம் இருக்கே, அதுக்காகவே இன்னொரு ஸ்வெட்டர் பின்னலாம்.

கை ஜாயின்ட் பண்றப்ப மட்டும் கணக்கு வேணும், கையோட மேல்பக்கம் கண்ணு, உடம்புப்பக்கம் வரிசை, ஒண்ணுக்கு ஒண்ணு தைச்சா சுருங்கிரும். 22க்கு 30ங்கறதால 3 கண்ணுக்கு 4 வரிசைன்னு எடுத்தா சரியா உக்காரும். பட்டன் பட்டிக்கு ஓரத்துல புதுசா கண்ணு எடுக்கறப்பவும் இதே கணக்கு, 4 வரிசைக்கு 3. காஜாவுக்கு எதையும் வெட்டவேண்டாம், நூல ஒரு சுத்து ஊசி மேல போட்டு அடுத்த ரெண்டு கண்ண சேத்து பின்னிட்டா ஓட்டை தானா விழும், சின்ன பட்டனுக்கு அது போதும்.

எங்க பெரியப்பா பனியன் கம்பெனில ரொம்ப வருஷம் செக்கிங் பாத்தவரு. கைல குடுத்ததும் முன்பக்கத்த பாக்கவே இல்ல, உள்பக்கம் திருப்பி கக்கத்துல விரல விட்டு ரெண்டு பக்கமும் இழுத்தாரு. "ஏனம்மிணி, ஓவர்லாக்கே காணோம், பிரியாதா?"ன்னாரு. ஓரம் பிரியாம சுத்தித் தைக்கற ஓவர்லாக் வெட்டுன துணிக்குத்தான் பெரியப்பா, இது ஒவ்வொரு துண்டும் அந்தந்த ஷேப்லயே பின்னுனது, ஓரமே கட்டுன ஓரம்னேன். சரின்னுட்டு, "அப்ப பிசிறு மட்டும் எடு"ன்னு கழுத்துக்கிட்ட தொங்குன நூலக் காட்டினாரு.

அந்தப் பிசிறுதான் கடைசி வேலை, எனக்குப் புடிக்காத வேலையும் அதான். கம்பெனில கத்தரில நறுக்குன்னு வெட்டிடுவாங்க, இதுல ஒட்ட வெட்டுனா அங்கிருந்தே பிரிஞ்சு வரும். தையல் மடிப்புக்குள்ள ஊசில கோத்து ஒரு ரெண்டு இஞ்ச் போயி, திசை மாத்தி திரும்பி வந்து, அப்புறம்தான் வெட்டணும். கம்பளியா இருக்கறதால நாருல இருக்கற செதிலே ஒண்ணையொண்ணு புடிச்சுக்கும், காட்டன் நூலா இருந்தா வழுக்கிட்டு வெளிய வந்துரும்.

அக்காகிட்ட வாஷிங் மெஷின்ல மட்டும் போட்றாதன்னு ஃபோன்ல சொல்லிட்டேன், சுடுதண்ணில போட்டு அலசுனா அதே செதில் கோத்துக்கிட்டு சுருங்கிரும், அப்புறம் எவ்ளோ இழுத்தாலும் பழைய அளவுக்கு வராது. சரி சரின்னுட்டு, மிச்ச நூல் இருந்தா காது மூடற மாதிரி ஒரு குல்லா பின்னிக் குடுன்னுட்டா. 60 கிராம் இருக்கு, வரும்னுதான் நெனைக்கறேன்.